ஆங்கில அளவுச் சொற்களைக் குழப்பமின்றிக் கையாள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘மச்’ என்றால் அதிகம், ‘மெனி’ என்றாலும் அதிகம், ‘ஃபியூ’ என்றால் கொஞ்சம், ‘லிட்டில்’ என்றாலும் கொஞ்சம் என்று மனப்பாடம் செய்தவர்களே எழுதும்போது மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். சொற்களின் பொருள் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அளவுச் சொல்லை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகு பெயர்ச்சொல்லைத் தேடிச் சேர்ப்பதால்தான் பிழை நேர்கிறது. ஆங்கிலத்தில் எந்த அளவுச் சொல் வரவேண்டும் என்பதைப் பெயர்ச்சொல்லே முடிவு செய்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் உள்ள படிகளை, தந்திருக்கும் வரிசையிலேயே பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆங்கிலச் சொற்களை மேற்கோள் குறிக்குள் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படித்தால் வேறுபாடு காதிலேயே பதியும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நீங்களே ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பக்கம் வேண்டும். பழைய மின்னஞ்சலோ, விண்ணப்பமோ, கட்டுரையோ எதுவாயினும் சரி. பயிற்சி நூலில் உள்ள கோடிட்ட இடங்களை நிரப்புவதைவிட, சொந்த எழுத்தில் உள்ள பிழையை அடையாளம் காண்பதே நிலைத்த பயன் தருகிறது. ஏனென்றால் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை வேறு வேறாக இருக்கிறது.

ஒரு வாக்கியத்தில் எது பெயர்ச்சொல், எது வினைச்சொல் என்று பிரித்தறியவும், ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ்’ ஆகியவை ஒருமைக்கும் ‘ஆர்’, ‘வேர்’, ‘ஹேவ்’ ஆகியவை பன்மைக்கும் உரியவை என்று கண்டுகொள்ளவும் தெரிந்திருந்தால் போதும். இவற்றோடு, எழுத்துத் தமிழில் ஓரளவு பழக்கமும் வேண்டும். அது ஏன் என்பது மூன்றாவது படியில் விளங்கும்.

2. பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா என்று பாருங்கள்

அளவுச் சொல் வரவேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லை முதலில் எழுதுங்கள். பிறகு அதன்முன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணை நேரடியாகச் சேர்த்துப் பாருங்கள். ‘ஒன் புக்’, ‘டூ புக்ஸ்’ என்று சொல்ல முடிகிறது. எனவே அது எண்ணக்கூடிய பெயர்ச்சொல். ‘ஒன் வாட்டர்’, ‘டூ வாட்டர்ஸ்’ என்று சொல்ல முடிவதில்லை; எனவே அது எண்ண முடியாத பெயர்ச்சொல்.

இந்தச் சோதனையில் புதியவர்கள் முதலில் எழுப்பும் ஐயம் பணத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. பணத்தைத்தான் எண்ணுகிறோமே, அது எப்படி எண்ண முடியாததாகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாம் எண்ணுவது தாளையும் காசையும், பணத்தை அன்று. ‘டூ காயின்ஸ்’ என்பது உண்டு, ‘டூ மணிஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. நேரமும் அப்படியே: மணியையும் நிமிடத்தையும் எண்ணுகிறோம், நேரத்தை எண்ணுவதில்லை. பொருளை எண்ண முடியுமா என்பது இங்கே கேள்வியே அன்று; அந்தச் சொல்லின்முன் எண் வந்து நிற்குமா என்பதே கேள்வி.

3. ‘நிறைய’, ‘கொஞ்சம்’ இரண்டையும் எழுத்துத் தமிழாக மாற்றுங்கள்

பேச்சில் நாம் நிறையப் பேர் என்கிறோம், நிறையத் தண்ணீர் என்கிறோம். கொஞ்சம் பேர் என்கிறோம், கொஞ்சம் உப்பு என்கிறோம். எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்ற வேறுபாடு இந்த இரண்டு சொற்களுக்குள்ளும் மறைந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வருபவருக்கு ‘மச்’, ‘மெனி’ இரண்டில் எது கைக்கு வருகிறதோ அதை எழுதிவிடத் தோன்றுகிறது.

எழுத்துத் தமிழில் அந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. பல நூல்கள், சில நூல்கள் என்று எழுதுகிறோம். மிகுந்த நீர், சிறிது நீர் என்று எழுதுகிறோம். பல நீர் என்றோ, சிறிது நூல்கள் என்றோ எழுத யாருக்கும் கை வராது. கேள்வியிலும் அப்படியே: எத்தனை நூல்கள், எவ்வளவு நீர். ஆகவே ஆங்கிலத்தில் எழுதுமுன் மனத்தில் ஓடும் பேச்சு வாக்கியத்தை எழுத்துத் தமிழாக ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

பல என்று வந்தால் ‘மெனி’. மிகுந்த என்று வந்தால் ‘மச்’. சில என்று வந்தால் ‘எ ஃபியூ’; சிறிது என்று வந்தால் ‘எ லிட்டில்’. எத்தனை என்றால் ‘ஹவ் மெனி’. எவ்வளவு என்றால் ‘ஹவ் மச்’. பேச்சில் எவ்வளவு பேர் வந்தார்கள் என்று கேட்பதும் உண்டு. அதை எத்தனை பேர் என்று மாற்றிக்கொண்ட பிறகே ஆங்கிலத்துக்குச் செல்லுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிச் செல்லத் துடிப்பவர்கள் பலர். தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். இந்த ஓரிடத்தில் அந்த நம்பிக்கை முற்றிலும் தவறானது. நம் எழுத்துமொழி நமக்குச் செய்து வைத்திருக்கும் வேலையை ஏன் மீண்டும் புதிதாகச் செய்ய வேண்டும்?

4. தமிழ் கைகொடுக்காத பெயர்ச்சொற்களைத் தனியே எழுதி வையுங்கள்

மூன்றாவது படி பெரும்பாலான இடங்களில் சரியாக வழிகாட்டும். தமிழில் எண்ணக்கூடியதாகவும் ஆங்கிலத்தில் எண்ண முடியாததாகவும் இருக்கும் சில சொற்களில் மட்டும் அது கைவிடும். தகவல்கள், அறிவுரைகள், செய்திகள், ஆய்வுகள், சான்றுகள், கருவிகள், வீட்டுப்பாடங்கள் என்றெல்லாம் தமிழில் தாராளமாகப் பன்மையில் எழுதுகிறோம். அதனால்தான் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’, ‘ஈக்விப்மெண்ட்ஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘லக்கேஜஸ்’, ‘ஹோம்வொர்க்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். இவை எவற்றுக்கும் இறுதியில் ‘எஸ்’ கிடையாது. இவற்றின்முன் ‘மெனி’யும் வராது, ‘ஃபியூ’வும் வராது.

‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘நியூஸ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘ஈக்விப்மெண்ட்’, ‘மெஷினரி’, ‘ஹோம்வொர்க்’, ‘எவிடன்ஸ்’, ‘நாலெட்ஜ்’, ‘ப்ராக்ரஸ்’, ‘டிராஃபிக்’, ‘சாஃப்ட்வேர்’, ‘ஃபீட்பேக்’: இவற்றைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஏதேனும் ஒரு சொல்லில் நீங்கள் மீண்டும் சறுக்கினால் அதையும் அங்கே சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

இவற்றை எண்ணியே ஆகவேண்டிய இடத்தில் ஓர் அலகுச் சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும். ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’, ‘த்ரீ ஷீட்ஸ் ஆஃப் பேப்பர்’ என்பன போல. பன்மைக்குரிய ‘எஸ்’ அலகுச் சொல்லோடுதான் சேரும். பொருளின் பெயர் மாறாமல் அப்படியே நிற்கும்.

எதிர்த்திசையில் ஏமாற்றும் சொற்களும் உள்ளன. ‘நியூஸ்’ என்பதன் கடைசியில் ‘எஸ்’ இருந்தாலும் அது எண்ண முடியாத ஒருமைச் சொல். ‘தி நியூஸ் இஸ் குட்’ என்றே எழுத வேண்டும். ‘பீப்பிள்’ என்பதில் ‘எஸ்’ இல்லாவிட்டாலும் அது பன்மை. ‘மெனி பீப்பிள்’, ‘ஃபியூவர் பீப்பிள்’ என்றே வரும்.

இன்னும் சில சொற்கள் பொருளுக்கேற்ப இரு பக்கமும் நிற்பவை. ‘டைம்’ என்பது நேரமானால் எண்ண முடியாது: ‘மச் டைம்’. அதுவே தடவை என்ற பொருளில் வந்தால் எண்ணலாம்: ‘மெனி டைம்ஸ்’. ‘பேப்பர்’ எழுதும் தாளானால் எண்ண முடியாது, நாளிதழோ ஆய்வுக் கட்டுரையோ ஆனால் எண்ணலாம். ‘ரூம்’ என்றால் அறை எண்ணக்கூடியது, இடவசதி எண்ண முடியாதது. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்பது வேலையால் வந்த தேர்ச்சியைக் குறித்தால் எண்ண முடியாது, வாழ்வில் நேர்ந்த நிகழ்வுகளைக் குறித்தால் எண்ணலாம். இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, எந்தப் பொருளில் எழுதுகிறோம் என்று ஒரு கணம் நின்று பார்ப்பதே நல்லது.

5. ‘எ’ என்னும் ஒற்றை எழுத்து வாக்கியத்தின் போக்கையே மாற்றும்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் அக்கறையோடு எழுதும் பகுதி இது. மற்றப் பிழைகள் இலக்கணப் பிழைகளாகவே நின்றுவிடும். படிப்பவர் கருத்தைப் புரிந்துகொள்வார். இந்தப் பிழையில் இலக்கணம் சரியாகவே இருக்கும், கருத்து மட்டும் நேர்மாறாகிவிடும். அதனால் யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர் அனுப்புவதற்குமுன் தம் கடிதத்தை என்னிடம் காட்டினார். அதில் ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் திஸ் ஃபீல்ட்’ என்றொரு வரி இருந்தது. இத்துறையில் எனக்கு ஓரளவு அனுபவம் உண்டு என்பதே அவர் சொல்ல வந்தது. ஆனால் அந்த வரியைப் படிக்கும் அதிகாரி, இத்துறையில் எனக்கு ஏறக்குறைய அனுபவமே இல்லை என்றுதான் புரிந்துகொள்வார். அடுத்த பத்தியில் ‘ஐ ஹேவ் டன் ஃபியூ ப்ராஜெக்ட்ஸ்’ என்று எழுதியிருந்தார். சில பணிகளைச் செய்து முடித்திருக்கிறேன் என்று பெருமையோடு எழுதிய வரி, பெரிதாக எதையும் செய்ததில்லை என்ற ஒப்புதலாக மாறிவிட்டிருந்தது. இரண்டு இடங்களிலும் விடுபட்டது ‘எ’ மட்டுமே.

இந்த நுட்பத்தைத் தமிழில் ஏகாரம் செய்கிறது. சிலர் வந்தனர் என்று சொன்னால் வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறோம். சிலரே வந்தனர் என்று சொன்னால் வராதவர்களை நினைத்துக் குறைபடுகிறோம். சிறிது நீர் உள்ளது என்பதற்கும் சிறிதே நீர் உள்ளது என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. ஏகாரம் வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘எ’ வராது. ஏகாரம் இல்லாத இடத்தில் ‘எ’ வரும்.

சிலர் என்றால் ‘எ ஃபியூ பீப்பிள்’, சிலரே என்றால் ‘ஃபியூ பீப்பிள்’. சிறிது நீர் என்றால் ‘எ லிட்டில் வாட்டர்’, சிறிதே என்றால் ‘லிட்டில் வாட்டர்’. எழுதி முடித்த வாக்கியத்தைத் தமிழில் ஏகாரத்தோடு ஒருமுறை, ஏகாரம் இல்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்து, எது உங்கள் மனத்தில் இருந்தது என்று முடிவு செய்யுங்கள்.

இரண்டு கண்ணிகள் இங்கே உண்டு. ‘க்வைட் எ ஃபியூ’ என்றால் கொஞ்சம் என்று பொருள் அன்று. கணிசமான எண்ணிக்கை என்று பொருள். ‘ஒன்லி எ ஃபியூ’ என்பதில் ‘எ’ இருந்தாலும், ‘ஒன்லி’ சேர்ந்ததால் சிலர் மட்டுமே என்று மீண்டும் குறைவைச் சுட்டுகிறது. பேச்சில் ‘ஃபியூ’, ‘லிட்டில்’ இரண்டையும் தனியே விடுவதைவிட ‘ஒன்லி எ ஃபியூ’, ‘ஒன்லி எ லிட்டில்’ என்று சொல்வதே இயல்பாக ஒலிக்கும். ‘எ’ விடுபட்டதோ என்ற ஐயத்துக்கும் இடமிருக்காது.

6. ஒப்பிடும்போது: ‘ஃபியூவர்’, ‘லெஸ்’

இவை இரண்டும் ஒப்பீட்டுச் சொற்கள். எதையோவிடக் குறைவு என்று சொல்லும்போதுதான் வரவேண்டும். வெறுமனே கொஞ்சம் என்று சொல்ல வந்தவர் ‘லெஸ்’ எழுதுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். விட என்ற உருபைச் சேர்த்துத் தமிழில் சொல்ல முடியவில்லையென்றால் இந்த இரண்டு சொற்களும் உங்களுக்குத் தேவையில்லை. ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

ஒப்பீடுதான் என்று உறுதியானால், எண்ணக்கூடியதற்கு ‘ஃபியூவர்’, எண்ண முடியாததற்கு ‘லெஸ்’. ‘ஃபியூவர் மிஸ்டேக்ஸ்’, ‘லெஸ் நாய்ஸ்’. மிகுதியைச் சொல்லும்போது இந்தத் தொல்லை இல்லை; ‘மோர்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தும். ‘மோர்’ பொதுவாக இருப்பதால்தான் ‘லெஸ்’ என்பதும் பொதுவாக இருக்கும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள்.

தொலைவு, கால அளவு, எடை, விழுக்காடு ஆகியவற்றில் எண் வந்தாலும் ‘லெஸ்’ என்பதே வழக்கு. ‘லெஸ் தேன் டென் கிலோமீட்டர்ஸ்’, ‘லெஸ் தேன் டூ அவர்ஸ்’ என்று எழுதுவதற்குக் காரணம், அங்கே ஒவ்வொரு கிலோமீட்டரையும் தனித்தனியாக எண்ணவில்லை, மொத்தத்தையும் ஒரே அளவாகக் கொள்கிறோம் என்பதே. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் ‘லெஸ் பீப்பிள்’ என்று சொல்வதைக் கேட்பீர்கள். அதைக் கேட்டுப் பழகுவதில் தவறில்லை. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘ஃபியூவர் பீப்பிள்’ என்றே எழுதுங்கள்.

‘நம்பர்’, ‘அமௌண்ட்’ இரண்டுக்கும் இதே அளவுகோல். ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப் புக்ஸ்’, ‘எ லார்ஜ் அமௌண்ட் ஆஃப் வாட்டர்’.

7. மிகுதியைச் சொல்லும்போது

‘மச்’, ‘மெனி’ இரண்டின் வேறுபாடு முன்பே முடிந்துவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது எந்த வகை வாக்கியத்தில் அவை வருகின்றன என்பதே. கேள்வியிலும் எதிர்மறையிலும் ‘மச்’ இயல்பாக ஒலிக்கும்: ‘ஐ டோண்ட் ஹேவ் மச் டைம்’. உடன்பாட்டு வாக்கியத்தில் ‘ஐ ஹேவ் மச் டைம்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லையாயினும் செயற்கையாக ஒலிக்கும். ‘ஐ ஹேவ் எ லாட் ஆஃப் டைம்’ என்றே சொல்வார்கள். ‘மெனி’ உடன்பாட்டிலும் தயக்கமின்றி வரும், குறிப்பாக எழுத்து நடையில்.

‘எ லாட் ஆஃப்’, ‘ப்ளெண்டி ஆஃப்’ ஆகியவை இரு வகைப் பெயர்ச்சொற்களோடும் சேரும். பெயர்ச்சொல்லைப் பற்றி ஐயம் தீராத வேளையில் ‘எ லாட் ஆஃப்’ உங்களைக் காப்பாற்றும். ‘செவரல்’ எண்ணக்கூடியதற்கு மட்டும். ‘எ கிரேட் டீல் ஆஃப்’ எண்ண முடியாததற்கு மட்டும்.

‘டூ மச்’, ‘டூ மெனி’ என்பவற்றை ரொம்ப என்ற பொருளில் எழுதாதீர்கள். அவை வேண்டியதற்கு மேல் என்று குறைகூறும் சொற்கள். ஒருவர் செய்த உதவிக்கு நன்றி சொல்லும் கடிதத்தில் ‘யூ கேவ் மீ டூ மச் ஹெல்ப்’ என்று எழுதினால், அவ்வளவு உதவி எனக்கு வேண்டியிருக்கவில்லை என்றாகிவிடும். ‘ஸோ மச் ஹெல்ப்’ என்பதே அங்கே பொருந்தும்.

8. ‘ஆஃப்’ வந்தால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்

‘மோஸ்ட் ஆஃப் பீப்பிள்’, ‘சம் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ என்பவை மிகப் பரவலான பிழைகள். ‘மோஸ்ட்’, ‘சம்’, ‘மெனி’, ‘ஃபியூ’ போன்றவற்றுக்குப் பின் ‘ஆஃப்’ வந்தால், அடுத்து ‘தி’, ‘மை’, ‘தீஸ்’ போன்ற ஒரு சொல்லோ, ‘தெம்’, ‘அஸ்’, ‘இட்’ போன்ற பதிலிப் பெயரோ கட்டாயம் வரவேண்டும்.

காரணம் எளியது. ‘ஆஃப்’ என்பது ஏற்கெனவே தெரிந்த ஒரு தொகுதியிலிருந்து ஒரு பங்கை வெட்டி எடுக்கிறது. எந்தத் தொகுதி என்று சுட்டாமல் அதிலிருந்து வெட்ட முடியாது. பொதுவாக மக்களைப் பற்றிப் பேசும்போது ‘மோஸ்ட் பீப்பிள்’ போதும். இந்த ஊரின் மக்கள், இந்த வகுப்பின் மாணவர்கள் என்று வரையறுத்துவிட்டால் ‘மோஸ்ட் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ்’.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்ற பிழையும் இதன் உறவுதான். தமிழில் என் நண்பர்களில் ஒருவர் என்று பன்மையில்தானே சொல்கிறோம்? ஆங்கிலத்திலும் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்று பன்மை வேண்டும்.

9. இருவரா, இருவருக்கு மேலா?

ஆங்கிலம் இரண்டுக்கென்றே சில சொற்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. ‘போத்’ என்றால் இரண்டும், ‘ஐதர்’ என்றால் இரண்டில் ஏதேனும் ஒன்று, ‘நைதர்’ என்றால் இரண்டும் இல்லை. மூன்றும் அதற்கு மேலும் ஆனால் முறையே ‘ஆல்’, ‘எனி’, ‘நன்’. எனவே இந்தச் சொற்களைத் தொடுமுன் எத்தனை பொருள்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

‘ஈச்’, ‘எவ்ரி’ இரண்டையும் தமிழில் ஒவ்வொரு என்றே சொல்கிறோம். ‘ஈச்’ இரண்டுக்கும் வரும், இரண்டுக்கு மேலும் வரும். ‘எவ்ரி’ மூன்றிலிருந்துதான் தொடங்கும். ‘ஈச் ஹேண்ட்’ என்று இரு கைகளையும் சொல்லலாம், ‘எவ்ரி ஹேண்ட்’ என்று சொல்ல முடியாது. ‘ஈச் ஆஃப் தெம்’ உண்டு. ‘எவ்ரி ஆஃப் தெம்’ கிடையாது, ‘எவ்ரி ஒன் ஆஃப் தெம்’ என்றே எழுத வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது போன்ற இடைவெளியைச் சொல்ல ‘எவ்ரி’ மட்டுமே வரும்: ‘எவ்ரி சிக்ஸ் அவர்ஸ்’.

10. எதிர்மறை வாக்கியத்தில் உம்மையை அப்படியே பெயர்க்காதீர்கள்

யாரும் வரவில்லை என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று வருகிறது. ஆங்கிலத்தில் இது வாக்கியமே ஆகாது. எதிர்மறைச் சொல் முன்னே வந்த பிறகே ‘எனி’ குடும்பத்துச் சொற்கள் அதன் துணையில் நிற்க முடியும். தமிழில் எதிர்மறை வாக்கியத்தின் கடைசியில் வினையோடு வருவதால் இந்த வரிசை நமக்குப் பழக்கமில்லை. எழுவாயாக வரும்போது எதிர்மறையை அந்தச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்: ‘நோபடி கேம்’. எதுவும் சரியில்லை என்பதும் அப்படியே: ‘நத்திங் இஸ் ரைட்’.

செயப்படுபொருளாக வரும்போது ‘ஐ டோண்ட் நோ எனிதிங்’ என்பது சரி. ‘டோண்ட்’ முன்னே வந்துவிட்டதல்லவா? ஆனால் அங்கே ‘ஐ டோண்ட் நோ நத்திங்’ என்று எதிர்மறையை இரண்டு முறை வைக்கக் கூடாது.

எல்லோரும் வரவில்லை என்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். ஒருவருமே வரவில்லை என்றும் பேச்சில் பொருள் கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுமுன் எது என்று தெளிந்துகொள்ளுங்கள். முதலாவது ‘நாட் எவ்ரிபடி கேம்’, இரண்டாவது ‘நோபடி கேம்’. இருவரும் வரவில்லை என்பதற்கு ‘போத் டிட் நாட் கம்’ என்று எழுதாமல் ‘நைதர் ஆஃப் தெம் கேம்’ என்று எழுதுங்கள்.

11. எண்ணைத் தொடரும் பன்மை

தமிழில் பத்து மரம் என்றாலும் பத்து மரங்கள் என்றாலும் சரிதான். அஃறிணையில் எண் முன்னே வந்துவிட்டால் கள் விகுதி கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் ‘டென் ட்ரீஸ்’ மட்டுமே சரி. ஒன்றரை மணி நேரத்துக்கும் பன்மை வேண்டும்: ‘ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்’.

‘ஹண்ட்ரட்’, ‘தௌசண்ட்’, ‘டஜன்’ ஆகியவற்றின்முன் எண் வந்தால் அவை ‘எஸ்’ ஏற்காது: ‘டூ ஹண்ட்ரட் புக்ஸ்’. எண் இல்லாமல் நூற்றுக்கணக்கில் என்று சொல்லும்போது மட்டும் ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் புக்ஸ்’.

12. கடைசியாக வினைச்சொல்லைச் சரிபாருங்கள்

அளவுச் சொல் உறுதியான பிறகே இந்தப் படி. முன்பே வினையை எழுதிவிட்டால் பிறகு அளவுச் சொல்லை மாற்றும்போது வினை பழைய வடிவிலேயே நின்றுவிடும்.

‘ஈச்’, ‘எவ்ரி’ இரண்டும் ஒருமை வினையை ஏற்கும். தமிழில் ஒவ்வொருவரும் வந்தார்கள் என்று சொல்லிப் பழகியதால் ‘ஈச் ஆஃப் தெம் ஹேவ்’ என்று எழுதிவிடுகிறோம். ‘ஈச் ஆஃப் தெம் ஹேஸ்’ என்பதே சரி.

‘எ லாட் ஆஃப்’, ‘மோஸ்ட் ஆஃப்’, ‘ஹாஃப் ஆஃப்’, ‘சம் ஆஃப்’ ஆகியவற்றில் அளவுச் சொல்லைப் பார்க்காமல் ‘ஆஃப்’ என்பதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்: ‘ஹாஃப் ஆஃப் தி வாட்டர் இஸ்’, ‘ஹாஃப் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ் ஆர்’. மேலே கண்ட ‘ஈச் ஆஃப்’ போலவே ‘ஒன் ஆஃப்’ என்பதும் இதற்கு விலக்கு. அங்கே பெயர்ச்சொல் பன்மையாக இருந்தாலும் வினை ஒருமையே.

‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர்’, ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் இஸ்’ இரண்டும் சரி. முதலாவதைத் தமிழில் மாணவர்கள் பலர் என்போம். பேச்சு மாணவர்களைப் பற்றியது. இரண்டாவது மாணவர்களின் எண்ணிக்கை. பேச்சு எண்ணிக்கையைப் பற்றியது, எண்ணிக்கை ஒன்றுதான்.

13. ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

புதியவர்கள் எழுதும் பாங்கில் ஒரு பத்தியை அமைத்திருக்கிறேன்:

‘தேர் வேர் லெஸ் பீப்பிள் இன் தி மீட்டிங். மோஸ்ட் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் டிட் நாட் கம். தி டீச்சர் கேவ் அஸ் மெனி இன்ஃபர்மேஷன்ஸ். ஈச் ஆஃப் தெம் வேர் யூஸ்ஃபுல். வீ ஹேட் ஃபியூ டைம், ஸோ வீ ஆஸ்க்ட் லிட்டில் கொஸ்டின்ஸ்.’

முதல் வாக்கியத்தில் ‘லெஸ்’ என்பதை ‘ஃபியூவர்’ என்று மாற்றி நிறைவடைபவர்கள் உண்டு. அது அரைத் திருத்தம்தான். இங்கே எதனோடும் ஒப்பீடு இல்லை. கூட்டத்துக்குச் சிலரே வந்திருந்தனர் என்பதே கருத்து. ஏகாரம் இருப்பதால் ‘தேர் வேர் ஃபியூ பீப்பிள்’ அல்லது ‘ஒன்லி எ ஃபியூ பீப்பிள்’.

இரண்டாவது வாக்கியம் குறிப்பிட்ட ஒரு வகுப்பின் மாணவர்களைப் பற்றியது. ‘மோஸ்ட் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ்’. மூன்றாவதில் ‘எஸ்’ உதிர வேண்டும், ‘மெனி’ போக வேண்டும். உடன்பாட்டு வாக்கியமாகையால் ‘மச்’ என்பதைவிட ‘எ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ பொருந்தும்.

நான்காவது வாக்கியத்தில் ‘வேர்’ என்பதை ‘வாஸ்’ என்று மாற்றினால் போதாது. முந்தைய வாக்கியத்தில் ‘இன்ஃபர்மேஷன்’ எண்ண முடியாததாகிவிட்ட பிறகு, அதில் ஒவ்வொன்றும் என்று பிரிக்க எதுவும் இல்லை. ஆகவே ‘ஆல் ஆஃப் இட் வாஸ் யூஸ்ஃபுல்’ என்று முழு வாக்கியமும் மாறுகிறது. ஒரு பெயர்ச்சொல்லைத் திருத்தினால் அடுத்த வாக்கியத்தின் பதிலிப் பெயரையும் பார்க்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

கடைசி வாக்கியத்தில் இரண்டு சொற்களும் இடம் மாறி நிற்கின்றன. நேரம் எண்ண முடியாதது. போதிய நேரம் இல்லை என்பதே கருத்து என்பதால் ‘எ’ இல்லாமல் ‘லிட்டில் டைம்’. ‘லிட்டில் கொஸ்டின்ஸ்’ என்பதோ சின்னச் சின்னக் கேள்விகள் என்றாகிவிடும், ஏனென்றால் எண்ணக்கூடிய சொல்லின்முன் ‘லிட்டில்’ உருவத்தின் சிறுமையைச் சுட்டும். அங்கே ‘ஃபியூ’ வேண்டும். சில கேள்விகளையாவது கேட்டுவிட்டோம் என்ற நிறைவில் எழுதியிருந்தால் ‘பட் வீ ஆஸ்க்ட் எ ஃபியூ கொஸ்டின்ஸ்’. சில கேள்விகளே கேட்க முடிந்தது என்ற வருத்தமானால் ‘ஸோ வீ ஆஸ்க்ட் ஒன்லி எ ஃபியூ கொஸ்டின்ஸ்’. மூல வாக்கியத்தில் ‘ஸோ’ இருப்பதால் எழுதியவர் மனத்தில் இருந்தது வருத்தமே என்று கொண்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறேன்.